படகைப் பார்க்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

கொச்சி தேவராவில் நின்று மேற்கே பார்த்தால் வில்லிங்டன் தீவு. அதைத் தாண்டினால் மட்டாஞ்சேரி. அதற்கும் அப்பால் முகத்துவாரம், பிறகு அரபிக் கடல். சில கிலோமீட்டருக்குள் நகர வாய்க்கால், காயல், கடல் என்று மூன்று விதமான தண்ணீர் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே படகு சரிப்படாது. சொந்தக் கையால் ஒரு சிறு மரப்படகு செய்து பார்க்க ஆசைப்படுகிற பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அழகான வரைபடம் ஒன்று கண்ணில் பட்டதும் மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது. அது எந்தத் தண்ணீருக்காக, எவ்வளவு சுமைக்காக வரையப்பட்டது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இந்தக் கரையின் பழைய ஆசாரிகள் அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்கினார்கள். கேரளத்தின் கெட்டுவள்ளம் நெல்லும் கொப்பராவும் சுமந்து காயலில் போன படகு. ஆழமில்லாத நீரில் பெருஞ்சுமை ஏற்ற வேண்டும் என்பதால் அதன் அடி அகன்றிருக்கும். அயினிப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஓரமாகத் துளையிட்டு, மூட்டின் மேல் தேங்காய் நாரைத் திரளாக வைத்து, அதன்மேல் கயிற்றைக் குறுக்காக இழுத்து இறுக்கித் தைப்பார்கள். ஆணி கிடையாது. உப்புநீரில் இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும். கயிறு அப்படிச் செய்யாது. ஒரு பலகை கெட்டுப்போனால் அந்தத் தையலைப் பிரித்து அதை மட்டும் மாற்றலாம். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் தைத்ததுதான். ஆனால் அதன் நோக்கம் வேறு. துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் இறக்கிய படகு அது. உடையும் அலையில் ஏறி மணலில் மோதும்போது விறைப்பான படகு பிளந்துவிடும். மசூலாவுக்குள் குறுக்குச் சட்டங்கள் இல்லை. மோதும்போது அதன் உடம்பே வளைந்து கொடுக்கும்.

ஒரு வடிவத்தை எடைபோடப் பெரிய கணிதம் வேண்டாம். 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் கொண்ட தட்டை அடிப் பெட்டி ஒன்று மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கிலோ ஏற்றினால் 1 சென்டிமீட்டர் அமிழும். படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்றால் 10 சென்டிமீட்டர். தேவரா வாய்க்காலிலும் காயலோரச் சேற்றிலும் இது பெரிய வசதி.

அடுத்தது சாய்மானம். படகு ஒரு பக்கம் சாயும்போது அதை நிமிர்த்தும் விசை பெரும்பாலும் நீர்மட்டத்தில் உள்ள அகலத்தைப் பொறுத்தது, அதுவும் அகலத்தின் மும்மடியை. இந்தக் கணக்கை 1746இல் பிரெஞ்சு அறிவியலாளர் பியர் பூகே தெளிவாக எழுதி வைத்தார். மேலே சொன்ன பெட்டியின் அகலத்தை 1 மீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டராக்கினால் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். 0.8 × 0.8 × 0.8 போட்டுப் பாருங்கள்: 0.512. அகலம் தரும் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு “கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் அழகாக இருக்குமே” என்று திருத்துகிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

அகலம் சரியாக இருந்தாலும் எடை மேலே ஏறினால் படகு கவிழும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளங்கள் கொண்ட ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது என்று பிறகு தெரிய வந்தது. ஒரு வேலைக்காக வரைந்த உடலின் மேல் இன்னொரு வேலையை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். வீட்டு முற்றத்தில் செய்யும் சின்னப் படகுக்கும் இதே விதிதான்: மேலே கூரை, உயரமான இருக்கை, நின்றபடி வலை வீசுவது எதுவாக இருந்தாலும் அது மூல வரைபடத்தில் இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. தண்ணீரைப் பிளந்து போகும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு கட்டுகிறது. 4 மீட்டர் படகு மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டரைத் தொட்டதும் தானே எழுப்பிய அலையில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பெரிய எஞ்சின் போட்டால் டீசலும் பெட்ரோலும்தான் வீண்.

இனி பொருள். நம் பக்கத்தில் இதற்கு உண்மையான பாடம் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கிடைத்தது. குடைந்து வள்ளம் செய்யும் அளவுக்குப் பருத்த மரங்கள் அரிதாகி விலை ஏறியபோது, 1980களின் தொடக்கத்தில் அங்கும் திருவனந்தபுரம் கரையிலும் பிளைவுட்டில் படகு செய்யும் முயற்சி நடந்தது. பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் தொடங்கிய பிரிட்டன் அமைப்பு ஒன்று உதவியது. பிளைவுட் தகடுகளை வெட்டி, விளிம்புகளைக் கம்பியால் தைத்து, மூட்டில் பிசினும் கண்ணாடி நார் நாடாவும் ஒட்டி இறுக்கும் முறை அது. மேலைநாடுகளில் 1962இல் வடிவமைக்கப்பட்ட ‘மிரர்’ பாய்ப்படகு இந்த முறையைப் பரப்பியது. அந்த ஒரு வடிவத்தில் மட்டும் 70,000 படகுகளுக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. தைத்த படகுகளின் கரைக்கே தையல் புது உருவத்தில் திரும்பி வந்தது என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் முட்டத்தில் எதுவும் எளிதாக நடக்கவில்லை. அந்த அனுபவத்தை எழுதிய பியர் ஜில்லே 1985இல் வெளிவந்த தன் நூலுக்கு ‘சிறியது கடினம்’ என்றுதான் தலைப்பு வைத்தார். வடிவங்களைக் கடலில் இறக்கி, மீனவர்கள் குறை சொல்லி, திருத்தி, மறுபடி இறக்கித்தான் அவை பிழைத்தன. பிறகு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பின் படகுக் கூடங்களில் பிளைவுட் வள்ளங்கள் ஏராளமாக உருவாயின. அதன்பின் வந்த ஃபைபர் படகுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

பிளைவுட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அட்டையை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாம், பந்தாக்க முடியாது. பிளைவுட்டும் அப்படியே ஒரு திசையில்தான் வளையும். உருண்டை வயிற்றுப் படகின் வரைபடத்தை வாங்கிவிட்டுப் பிளைவுட் தேடுவது வீண் அலைச்சல். தட்டை அடியும் ‘வி’ வடிவ அடியும் அதற்கு ஏற்றவை. தட்டை அடி கட்ட எளிது. அலையில் தட்டித் தட்டி உடம்பை உலுக்கும். ‘வி’ அடி அலையைக் கிழித்துப் போகும். கட்ட நேரம் பிடிக்கும், அதே சுமைக்கு ஆழமாக அமிழும்.

கொச்சிக்கென்று இன்னொரு கேள்வி இருக்கிறது. கோடையில் கடல்நீர் காயலுக்குள் ஏறி உப்பு கூடும்போது கப்பல் புழு மரத்தைத் துளைக்கும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் உதவியால் அது மரத்தையே சீரணிக்கிறது. வெளியில் ஊசித் துளை மட்டும் தெரியும். உள்ளே பலகை சல்லடையாகிவிடும். தென்மேற்குப் பருவமழையில் ஆறுகளின் நன்னீர் காயலை நிரப்பும்போதுதான் அதன் கொட்டம் அடங்கும். ஆகவே வேலை முடிந்ததும் இருவர் தூக்கிக் கரையேற்றக் கூடிய எடை என்பதையும் வடிவம் தேர்வதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வில்லிங்டன் தீவில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957இல் தொடங்கப்பட்டது. எளிதில் உளுத்துப்போகும் ரப்பர் மரத்தைக் காப்பு மருந்தூட்டியும் ஃபைபர் போர்த்தியும் வள்ளத்துக்கு ஏற்றதாக்கும் ஆய்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. கேரளத்தில் பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரங்களுக்குக் குறைவில்லை என்பதால் அந்த ஆய்வின் மதிப்பு பெரிது.

தேவராவில் முதல் படகு கட்டப்போகிறவருக்கு என் முடிவு இதுதான்: 4 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், நீர்மட்டத்தில் 1 மீட்டருக்குக் குறையாத அகலம், தட்டை அடி, தைத்து ஒட்டும் பிளைவுட். பிளைவுட் தொழிலுக்குப் பேர்போன பெரும்பாவூர் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுதான் கடல்தரப் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை. வரைபடத்துக்கு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட தட்டை அடிப் படகு வடிவங்களின் தொகுப்பைப் பாருங்கள். 1974இல் வந்தது, இன்றும் பயன்படும். இந்தப் படகை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிளைவுட்டில் ரம்பம் வைக்குமுன் பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்து, அளவுக்கேற்ற எடை வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.