படவில்லைக் கோப்பும் அதனைத் திறக்கும் மென்பொருளும்

கரும்பலகையும் வெண்கட்டியுமே ஆசிரியரின் கருவிகளாய் இருந்த காலம் கழிந்தது. இன்று வரலாற்றாசிரியர் தேசப்படத்தையும், உயிரியலாசிரியர் இதயத்தின் குறுக்குவெட்டு முகத்தையும் கணினியிற் சமைத்த படவில்லைகளாகத் திரையிற் காட்டுகின்றனர். ஆயின், வீட்டுக் கணினியில் இரவெல்லாம் இருந்து வனப்புற ஆக்கிய படவில்லைத் தொகுதி மறுநாட் காலை மண்டபத்துக் கணினியிலே திறவாது நிற்றலும், திறந்தவிடத்தும் தமிழெழுத்துக்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய் மாறித் தோன்றுதலும் பலரும் கண்ட செய்தியாம். இதனைக் கணினியின் குறும்பு என்று தள்ளிவிடுவார் உளர். அது குறும்பன்று, காரணம் உடையது. அக்காரணத்தை அறியாமல் எந்த மென்பொருள் சிறந்ததென வினாவுதலாற் பயன் விளையாது.

படவில்லை என்னும் பெயர் கணினிக்கு முற்பட்டது. ஒளிப்படச் சுருளின் துண்டு ஒவ்வொன்றையும் சிறு சட்டத்துட் பொருத்தி, ஒளி பாய்ச்சித் திரையில் விழுத்திய காலத்தது அது. கணினியும் தொடக்கத்தில் அத்தகைய வில்லைகளையும் தாள்களையும் ஆக்கித்தரும் துணைக்கருவியாகவே நின்றது. அமெரிக்காவிற் போர்தோட் என்னும் சிறு நிறுவனத்திலே றொபேட் கஸ்கின்ஸ் என்பார் 1984 இல் வகுத்த திட்டத்தை டெனிஸ் ஒஸ்ரின் முதலானோர் நிகழ்ச்சியாக ஆக்கினர். முதலிற் பிறெசென்டர் எனப்பட்ட அது, அப்பெயர் முன்னரே பிறரால் வழங்கப்பட்டு வந்தமையாற் பவர்பொயிண்ட் எனப் பெயர் மாறி, 1987 ஏப்பிரிலில் மக்கின்ரோஷ் கணினிக்கென வெளிவந்தது. ஒளிபுகு தாளிற் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டு, விளக்கின்மேல் வைத்துச் சுவரில் விழுத்துதற்குரிய தாள்களை ஆக்குதலே அதன் முதற்றொழில். அவ்வாண்டிலேயே மைக்ரோசொப்ட் நிறுவனம் 14 மில்லியன் டொலர் கொடுத்துப் போர்தோட்டை வாங்கிற்று. விண்டோசுக்குரிய பதிப்பு 1990 இல் வந்தது.

ஒரு நிறுவனத்தின் உடைமையாகிய நிகழ்ச்சி உலகெங்கும் பரவியபொழுது, அந்நிகழ்ச்சி எழுதும் கோப்பின் அமைப்பும் அந்நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. ஏனையோர் அவ்வமைப்பை ஆராய்ந்து உய்த்துணர்ந்தே தத்தம் நிகழ்ச்சிகளில் அதனைத் திறக்க முயன்றனர். 1997 தொடக்கம் 2003 வரையிலான பதிப்புக்கள் எழுதிய, பீ.பீ.ரீ. என்னும் ஈறு பெற்ற கோப்புக்கள் இவ்வகையின. அவற்றின் அமைப்பு விவரத்தை மைக்ரோசொப்ட் யாவரும் காணுமாறு வெளியிட்டது 2008 இலேதான். இதற்கிடையில் 2007 ஆம் ஆண்டுப் பதிப்போடு பீ.பீ.ரீ.எக்ஸ் என்னும் புதிய ஈறு வந்தது. இதன் அமைப்பு 2006 இல் எக்மா அமைப்பினாலும், 2008 இல் ஐ.எஸ்.ஓ. எனும் பன்னாட்டுத் தர அமைப்பினாலும் நியமமாக ஏற்கப்பட்டது. இதற்கு முன்னரே 2006 இல் ஓ.டி.பீ. என்னும் ஈறுடைய திறந்த ஆவண அமைப்பும் ஐ.எஸ்.ஓ.வின் ஏற்பைப் பெற்றிருந்தது.

புதிய கோப்பின் உள்ளமைப்பைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். பீ.பீ.ரீ.எக்ஸ் கோப்பொன்றைப் படியெடுத்து, அப்படியின் ஈற்றை மட்டும் ஸிப் என மாற்றித் திறந்தால், அஃது ஒரு கோப்பன்று, பல கோப்புக்களை அடக்கிய பொதி என்பது புலனாகும். அதனுள்ளே படவில்லை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எழுத்துக் கோப்பும், படங்களும் ஒலியும் வைத்த வேறோர் உறையும் காணப்படும். எழுத்துக் கோப்பைத் திறந்தால், இன்ன சொற்கள், இன்ன எழுத்துருவில், இத்துணை அளவில், இவ்விடத்தில் என்னும் கட்டளைகளே தோன்றும். எனவே படவில்லைக் கோப்பு ஒரு படம் அன்று. படத்தை எவ்வாறு வரைதல் வேண்டும் என்று கூறும் குறிப்பேயாம். நாடகப் பிரதி ஒன்றேயாயினும் மேடைக்கு மேடை நடிப்பு வேறுபடுதல் போல, கட்டளை ஒன்றேயாயினும் வரையும் மென்பொருளுக்கு ஏற்பத் தோற்றம் வேறுபடும். திறவாத கோப்பிலுள்ள ஒளிப்படங்களை மீட்டெடுத்தற்கும் இந்த ஸிப் முறை உதவும் என்பது பலர் அறியாத நன்மை.

இனி, திறக்கும் மென்பொருளை நாடுவார் முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும்: கோப்பைப் பார்த்தல் மட்டும் வேண்டுமா, திருத்துதலும் வேண்டுமா? பார்த்தற்கென்றே மைக்ரோசொப்ட் ஒரு காலத்தில் பவர்பொயிண்ட் வியூவர் என்னும் இலவச நிகழ்ச்சியை வழங்கியது. அது 2018 ஏப்பிரிலில் நிறுத்தப்பட்டது. இன்றும் அப்பெயரைச் சொல்லிப் பற்பல இணையத்தளங்கள் நிகழ்ச்சிகளை நீட்டுகின்றன. அவற்றை ஏற்றுக் கணினிக்கு நோயை வரவழைத்தல் அறிவுடைமையன்று. பார்த்தலே நோக்கமாயின், மைக்ரோசொப்ட் கணக்கோ கூகிள் கணக்கோ உடையவர் இணைய உலாவியிலேயே கட்டணமின்றிக் கோப்பைத் திறக்கலாம். சிறு திருத்தங்களையும் செய்யலாம். இணையத் தொடர்பு இடையிடையே அறும் ஊர்களில் இதனை நம்பி மேடையேறுதல் மட்டும் ஆகாது.

சில கோப்புக்கள் திறந்தவுடனே திரை முழுவதும் விரிந்து ஓடுமேயன்றித் திருத்த இடங்கொடா. அவற்றின் ஈறு பீ.பீ.எஸ்.எக்ஸ் என்றிருக்கும். உள்ளடக்கத்தில் வேறுபாடில்லை, பவர்பொயிண்டை முதலில் தொடங்கி, அதனுள்ளிருந்து கோப்பைத் திறந்தாற் திருத்தலாம். விண்டோஸ் இயல்பாகவே ஈறுகளை மறைத்து வைக்குமாதலின், கோப்பு எவ்வகையது என்று அறியாமல் இடர்ப்படுவோர் பலர். ஈற்றைக் காட்டுமாறு அமைத்துக்கொள்ளுதல் முதல் வேலை.

கணினியிலே நிறுவி, இணையமின்றித் திருத்தவும் விலையின்றிப் பெறவும் தக்க மென்பொருளை வேண்டுவார்க்கு லிப்ரே ஒபிஸ் தொகுதியிலுள்ள இம்பிறெஸ் ஏற்றது. ஜேர்மனியிலே ஸ்ரார் டிவிஷன் என்னும் நிறுவனம் ஆக்கிய ஸ்ரார் ஒபிஸே இதன் மூலம். அந்நிறுவனத்தை 1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000 இல் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. 2010 இல் சன் நிறுவனம் ஒராக்கிளின் கைக்குச் சென்றபின், அவ்வாண்டுச் செப்டெம்பரில் ஆக்குநர் பலர் பிரிந்து லிப்ரே ஒபிஸ் எனும் பெயரில் அதனை வளர்க்கலாயினர். விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் அது இயங்கும், பழைய பீ.பீ.ரீ., புதிய பீ.பீ.ரீ.எக்ஸ், ஓ.டி.பீ. ஆகிய மூன்றையும் திறக்கும், எழுதும். உரிமமின்றிப் படியெடுத்த பவர்பொயிண்டை நாணாமல் நிறுவிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருத்தலின், இவ்வாறு நேர்வழியில் இலவசமாகக் கிடைப்பதன் அருமை உணரப்படாமலே போகின்றது.

ஆனால் இம்பிறெஸ் பவர்பொயிண்டின் நிழலன்று. பவர்பொயிண்டில் அமைத்த அசைவுகள் சில அதில் வேறாகத் தோன்றும். வரிகள் பெட்டியைக் கடந்து வழிதலும் உண்டு. இவ்வழிதலுக்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். கோப்பிற் சொல்லப்பட்ட எழுத்துரு அக்கணினியில் இல்லையேல், மென்பொருள் வேறொன்றைப் பதிலாக இடும். அதன் எழுத்துக்கள் சற்றே அகலமாயிருந்தாலும் வரி உடைந்துவிடும். 2007 முதற் பல்லாண்டுகள் பவர்பொயிண்டின் இயல்பான எழுத்துருவாயிருந்த கலிப்ரிக்கு ஈடாக, அதே அகல அளவுகளையுடைய கார்லிற்றோ என்னும் எழுத்துரு லிப்ரே ஒபிஸுடன் வருவது இவ்விடரைக் குறைத்தற்கே. மறுபுறத்தில், அப்பிள் நிறுவனம் 2003 இல் வெளியிட்ட கீநோட்டின் கோப்பை இம்பிறெஸிலே முழுமையாகத் திறத்தல் அரிது. அத்தகைய கோப்பை ஆக்கியவரிடமே கேட்டு, பீ.பீ.ரீ.எக்ஸ் வடிவிற் பெறுதலே நன்று. கீநோட்டில் அவ்வாறு ஏற்றுமதி செய்யும் வழி உண்டு.

தமிழுக்கு நேரும் இடர் இதனினும் ஆழமானது. இலங்கையிலே நெடுங்காலமாகப் பெரிதும் வழங்கிவந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஆக்கப்பட்டது. தமிழ் என்னும் சொல்லைப் பாமினியிலே எழுதும்பொழுது கணினி சேமிப்பது தமிழெழுத்தை அன்று. ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் நான்கையும் ஓர் அரைப்புள்ளியையுமே. பாமினி நிறுவப்பட்ட கணினியில் அவை தமிழ் வேடம் பூண்டு தோன்றும். நிறுவப்படாத கணினியில் வேடம் கலைந்து, உள்ளபடியே ஆங்கிலமாய் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று அஞ்சி அதனை அழித்தவர்களும் உண்டு. கெட்டது கோப்பன்று, இல்லாதது எழுத்துரு. மேலும், அவ்வாறு எழுதப்பட்ட படவில்லைகளிலே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் காணுதல் இயலாது; தேடுபொறிக்கும் அவை தமிழ் நூலாகா.

யூனிகோட் நியமத்தில் 1991 ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பதிப்பு முதலே தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. 128 இடங்களைக் கொண்ட அப்பகுதியில், தமிழின் ககரம் ககரமாகவே எண்பெறுகின்றது. விண்டோஸ் 2000 முதல் லதா என்னும் யூனிகோட் எழுத்துரு கணினியோடு வந்தது; விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்பது கணினியோடு வருகின்றது. யூனிகோட்டில் எழுதிய படவில்லையின் அழகு எழுத்துருவுக்கேற்ப மாறினும், சொல் மாறாது. எழுத்துருவையும் கோப்பினுள்ளே பொதிந்து அனுப்பும் வசதி பவர்பொயிண்டின் சேமிப்பு அமைப்புக்களில் உள்ளது. அங்கே, பயன்பட்ட எழுத்துக்களை மட்டும் பொதிதல், எல்லா எழுத்துக்களையும் பொதிதல் என இருவகை காணப்படும். பிறர் திருத்தவேண்டிய கோப்பாயின் இரண்டாவதையே தெரிதல் வேண்டும். இன்றேல் புதிதாய்ச் சேர்க்கும் எழுத்து வேறு முகங்காட்டும். எழுத்துருவின் உரிமையாளர் பொதிதலைத் தடுத்திருந்தால் இவ்வசதி பயன்படாது.

மேடைக்குச் செல்பவர் பீ.டி.எவ் வடிவிலும் ஒரு படியை உடன்கொண்டு செல்லுதல் நலம். அவ்வடிவு எழுத்துருக்களைத் தன்னுள் அடக்கிக் கொள்ளுமாதலின் பாமினியும் சிதையாது. பவர்பொயிண்டிலும் இம்பிறெஸிலும் அதனை ஆக்கலாம். அசைவும் ஒலியும் அதிற் போய்விடும், திருத்துதலும் கடினம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பழைய படவில்லைகள் குறுந்தட்டுக்களிற் கிடக்கும் கல்லூரிகளோ முதலிற் பாமினியை நிறுவிய ஒரு கணினியிலே அவற்றைத் திறந்து, சொற்களை யூனிகோட்டுக்கு மாற்றித்தரும் மாற்றிகளின் துணையோடு, படவில்லை படவில்லையாகப் புதுப்பித்தல் வேண்டும். ஆங்கிலச் சொற்களும் வாய்பாடுகளும் இடையிடையே கலந்திருக்குமாயின் மாற்றி அவற்றையும் தமிழாக்கி உளறிவிடும். ஆதலால் இவ்வேலையைப் பாடமறிந்த ஒருவர் பக்கத்திலிருந்து ஒப்புநோக்கியே செய்தல் தகும்.