வண்டிக்கு அடியில் – 9: கிளட்ச் மேல் விழுந்த பழி

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில், கோணத்துக்கு வளைந்து கொடுக்கும் மூட்டான கிராஸைப் போன வாரம் பார்த்தோம். அங்கிருந்து முன்பக்கம் கொஞ்சம் நகர்ந்தால், சேஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தொங்கும். அதற்குள் உட்கார்ந்திருப்பதுதான் சென்டர் பேரிங்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் பழைய பிக்கப் ஒன்று பட்டறைக்கு வந்தது. "அண்ணே, லோடு ஏத்தி முதல் கியர்ல எடுத்தா வண்டியே உதறுது. கிளட்ச் பிளேட்டு மாத்தியும் நிக்கல" என்றார் டிரைவர். லோடோடு ஓட்டிப் பார்த்தேன். பெடலில் இருந்து காலை முழுசாக எடுத்த பிறகும் உதறல் தொடர்ந்தது. கிளட்ச் உதறல் என்றால், பெடலை முழுக்க விட்டதும் அடங்கியிருக்கும். பாவம், பழைய பிளேட்டு வீணாகக் குப்பைக்குப் போயிருந்தது.

கிளட்ச் இல்லையென்றதும் என் சந்தேகம் சென்டர் பேரிங் மேல் போனது. இந்த பேரிங் எதற்கு? நீளமான ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால் கயிறு போல நடுவில் வளைந்து துள்ளும். நீளம் இரு மடங்கானால், துள்ளத் தொடங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் நீள வண்டிகளில் ஷாஃப்ட்டை இரண்டாக்கி, நடுவில் ஒரு பேரிங்கைத் தொங்கவிடுகிறார்கள்.

கெடும்போது ரப்பரும் பேரிங்கும் வேறு வேறு மாதிரி புகார் சொல்லும். ரப்பர் கிழிந்தால், லோடோடு கிளம்பும்போது ஷாஃப்ட் எகிறி உதறும். பேரிங் தேய்ந்தால், வேகத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து ஊங்காரம் வரும். வீல் பேரிங்கும் அப்படித்தான் ஊளையிடும். ஆனால் ஸ்டீயரிங்கை இடம் வலம் ஒடித்தால் அந்தச் சத்தம் பெரும்பாலும் கூடிக் குறையும். சென்டர் பேரிங் அதைக் கண்டுகொள்ளாது. அதன் அதிர்வும் பொடிப்பொடியாக இருக்கும். பின் ஆக்ஸிலில் விகிதம் 4 என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 4 சுற்று சுற்றிவிடுகிறதே!

சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் அடியில் படுத்தேன். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால், நல்ல ரப்பர் கொஞ்சம் கொடுத்துத் திரும்பும். இதில் ஷாஃப்ட் தொளதொளவென்று தொங்கியது. வளையத்தில் பாதிச் சுற்றுக்குக் கிழிசல்.

மாற்றும்போது முதல் வேலை பெயிண்ட் அடையாளம். ஃபிளாஞ்சிலும், பற்கள் கோத்து ஒன்றுக்குள் ஒன்று நழுவும் ஸ்லிப் ஜாயிண்ட்டின் இரு பக்கத்திலும் கோடு போட்ட பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். ஒரு பல் மாறிச் சேர்ந்தாலும் புது உதறல் பிறக்கும். ஷாஃப்ட் கழன்றுவிட்டால் கியரில் நிறுத்திய வண்டியும் உருளும், கட்டைதான் காவல். பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். புதியதை உள் வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். ரப்பரிலோ வெளி வளையத்திலோ சுத்தியல் பட்டால் அன்றே அதன் ஆயுள் பாதி. பிராக்கெட்டுக்கு மேல் ஷிம் தகடு இருந்தால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், ஷாஃப்ட்டின் கோணம் அதில்தான் இருக்கிறது. பிராக்கெட் போல்ட்டை, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு ரப்பர் இழுபடாமல் பார்த்து இறுக்க வேண்டும்.

இதோடு வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். இந்த வண்டியில் கூடுதல் லோடுக்காகப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்திருந்தார்கள். பின்பக்கம் உயர்ந்து ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருந்தது. பின் கிராஸும் இறுகிக் கிடந்தது. இரண்டையும் சரி செய்யாமல் விட்டிருந்தால் புது ரப்பரும் சீக்கிரமே கிழிந்திருக்கும்.

உங்கள் வண்டி உதறினால் கிளட்ச் பிளேட்டுக்குக் காசு எடுத்து வைக்கும் முன், மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: "சென்டர் பேரிங்கை ஆட்டிப் பாத்தீங்களா?"