கந்தல் துணியின் சாட்சி

சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவில், 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமைகள் நூதனசாலையில் சில தையற் படங்களைப் பார்த்தோம். 'அர்ப்பியேரா' என்பது அவற்றின் பெயர். ஸ்பானிய மொழியில் அது சாக்குத் துணியைக் குறிக்கும்.

சாக்கை விரித்து, அதன்மேல் பழைய உடுப்புத் துண்டுகளை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தீஸ் மலை, சிறு வீடுகள், பலர் சேர்ந்து சமைக்கும் பெரிய பானை. எட்ட நின்றால் சிறுபிள்ளை வரைந்த படம் போலிருக்கும். கிட்டப் போனால், "அவர்கள் எங்கே?" என்று கேட்டு நிற்கும் பெண்கள் தெரிவர்.

1973 செப்டெம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்கள் தைக்கத் தொடங்கியவை இவை. காணாமற்போனவரின் உடுப்பிலிருந்தே வெட்டிய துண்டுகளும் சிலவற்றில் உண்டு. பயத்தினால் பலர் தம் பெயரைப் போடவில்லை. 1976இல் கர்தினால் ராவுல் சில்வா தொடங்கிய ஒருமைப்பாட்டுப் பணியகம் அவற்றை வெளிநாடுகளில் விற்று, பணத்தைத் தைத்தவர்களிடம் சேர்த்தது. வாய் திறக்க முடியாத நாட்டில் ஊசி பேசியது. வீட்டில் அடுப்பும் எரிந்தது.

அன்பான வாசகர்களே, இவர்கள் கலை பயின்றவர்கள் அல்லர். பங்கு மண்டபங்களில் கூடியிருந்து, அழுது, கதைத்து, தைத்தவர்கள். இடம்பெயர்ந்த எம்மவரிடமும் பழஞ்சேலை உண்டு, சாக்கு உண்டு, ஊசி உண்டு. விட்டுவந்த கிணறும் வயலும் மாட்டுக்கொட்டிலும் மனதில் உண்டு. அவற்றைக் காணாமலே வளரும் பிள்ளைகளுக்கு யார் காட்டுவது? நாலு பெண்கள் ஒன்றாய் இருந்தால் தொடங்கலாம்.