லூகாஸ் ஸ்டாப்பிங்கில் ஓஸி!

ஒரு சின்னக் கணக்கு ஃப்ரெண்ட்ஸ். உங்களுக்குப் பிடிச்ச ராக் ஸ்டார் எந்த வருஷம் பிறந்தார்னு தெரியுமா? போஸ்டரில் தலைமுடி பறக்க, கிடாரை மாட்டிக்கிட்டு நிக்கிறாரே, அந்த வயசைச் சொல்லாதீங்க. நிஜ வயசு. பிளாக் சாபத்தின் டோனி அயோமி பிறந்தது 1948. அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் 1956. புரூஸ் டிக்கின்சன் 1958. உங்க தாத்தாவோட ஆதார் கார்டைப் பக்கத்தில் வச்சுப் பாருங்க... கிட்டத்தட்ட ஒரே செட்!

நம்ம ஹெட்போனுக்குள்ள இவங்களுக்கு என்றும் இருபத்தஞ்சு. மேடையில் அப்படி இல்லை. 'எல்லாமே யூடியூப்ல இருக்கே மச்சி, எதுக்குக் காசைக் கரியாக்கி நேர்ல போகணும்?'னு கேக்கிற நண்பர் எல்லா கிளாஸிலும் ஒருத்தர் இருப்பார். என் கிளாஸில் நாலு பேர். அவங்களுக்குப் பதில் தேடி நான் போனது ஒரு அண்ணன்கிட்ட.

திருவேற்காட்டில் எங்க தெருவுக்குப் பின்தெரு அவர். வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை. இரும்புத் தகட்டை அடிச்சு வடிவம் கொண்டுவர்ற 'டை' செய்றவர். தெருவில் யாருக்கும் தெரியாது, இந்த மனுஷன் ஒரு வெறிபிடிச்ச ஹெவி மெட்டல் ரசிகர்னு. "பேரு மட்டும் போட்டுடாத தம்பி. 2007-ல பாட்டிக்கு சீரியஸ்னு சொல்லித்தான் லீவு வாங்கினேன்" என்பதால் பேர் கட்!

அந்த லீவு எதுக்குன்னா, 2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். பெரிய ஹெவி மெட்டல் பேண்ட் ஒண்ணு இந்தியாவுக்கு முதல்முறையா வந்த கச்சேரின்னு இன்னிக்கும் அதைச் சொல்வாங்க. டெல்லி பேண்ட் பரிக்ரமாவும், ஸ்டீவ் ஹாரிஸோட பொண்ணு லாரன் ஹாரிஸும் முன்னாடி பாடினாங்க.

நம்ம ஏரியாவுக்கு ஒரு வசதி உண்டு, கவனிச்சிருக்கீங்களா? வேலப்பன்சாவடி ஜங்ஷனுக்கு வந்து நின்னா, கண்ணு முன்னாடி ஓடுற ரோடு நேரா பெங்களூருக்குத்தான் போகுது. 350 கிலோமீட்டர். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும், மெட்டாலிகா 2011-லும் அதே பேலஸ் கிரவுண்ட்ஸில்தான் வாசிச்சாங்க. சென்னைக்கு இந்த சாமிகள் வர்றது அபூர்வம். அதனால பக்தர்தான் பஸ் ஏறணும்!

அண்ணன் பூந்தமல்லியில் பஸ் ஏறினார். கூட யாருமில்லை. கையில் ஒரு தண்ணி பாட்டில், அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் (அம்மாவுக்கு அது 'கம்பெனி டெஸ்ட்' விஷயமா போற பயணம்!). கருப்பு டீ-ஷர்ட்டை மட்டும் பஸ் ஓசூர் தாண்டினப்புறம்தான் மாட்டினாராம்.

சரி, போய் என்ன பார்த்தார்?

"ஒண்ணும் பாக்கலப்பா" என்றார் சிம்பிளாக. "முன்னாடி ஃபுல்லா தலைங்க. டிக்கின்சன் என் கட்டைவிரல் உசரம் தெரிஞ்சாரு. ஆனா அந்தக் கட்டைவிரல் ஒரு இடத்துல நிக்கல. ஓடுறாரு, குதிக்கிறாரு, ஓடிக்கிட்டே பாடுறாரு. அப்போ அவருக்கு 48 வயசு. எங்கப்பாவுக்கும் அதே 48. முட்டி வலின்னு மொட்டை மாடிக்குக்கூட ஏற மாட்டாரு. நான் பாட்டையா கேட்டேன்? அந்த ஆளு மூச்சு வாங்குறாரான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பழைய ஹிட்டு எல்லாம் வரிசையா வரும்னு போனவருக்கு, 2006-ல் வந்த புது ஆல்பத்திலிருந்தே நிறையப் பாட்டு கிடைச்சுது. கோபம் வரலையான்னு கேட்டேன். "எதுக்கு? பழசையே பாடிக்கிட்டு இருந்தா ஆர்கெஸ்ட்ராவாச்சே!"

இதுல நம்ம சிலபஸ் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். நீங்க மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்னா, டிரம்மர் கை இறங்கி கிட்டத்தட்ட 0.3 விநாடி கழிச்சுத்தான் அந்த அடி உங்ககிட்ட வரும். முதல்ல கண்ணு பார்க்கும், அப்புறம் நெஞ்சு வாங்கும். பேஸ் கிடாரோட அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். உங்க செல்போன் ஸ்பீக்கர் அந்த ஒலியைத் தொடவே தொடாது. அதுக்கு மேல இருக்கிற ஒலிகளைக் கேட்டு மூளை மிச்சத்தைக் கற்பனை பண்ணிக்குது. நேர்ல மட்டும்தான் அது காதுக்கு முன்னாடி விலா எலும்புக்கு வந்து சேரும். திருவேற்காட்டுக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். ஆடி மாசம் கருமாரியம்மன் கோயில் பக்கம் பம்பையும் உடுக்கையும் அடிக்கும்போது வயித்துக்குள்ள ஒண்ணு நடக்குமே... அதேதான்!

திரும்பி வர்ற கதை இன்னும் சூப்பர். அதே மார்ச் 17 ராத்திரிதான் வெஸ்ட் இண்டீஸில் உலகக்கோப்பை மேட்ச், இந்தியா வெர்சஸ் பங்களாதேஷ். நம்மாளுங்க 191-க்கு ஆல் அவுட். நடுராத்திரி பஸ்ஸில் ஏறினார் அண்ணன். ஆம்பூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தினப்போ விஷயம் தெரிஞ்சுபோச்சு. டீக்கடையில் இழவு வீடு மாதிரி எல்லாரும் தலையில் கை வச்சிருக்காங்க. "அத்தனை பேருக்கு நடுவுல நான் ஒருத்தன் மட்டும் சிரிச்சுக்கிட்டே நிக்கிறேன். டிரைவர் என்னை ஒரு முறை முறைச்சாரு பாரு... பங்களாதேஷ்காரன்னு நினைச்சிருப்பாரு!"

விரல்

ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்தவர் அடுத்த மாசமே ஒரு கிடார் வாங்கினார். கிப்சன் இல்லை, கிவ்சன்! யூனிட்டில் கேட்கிற பிரஸ் சத்தத்துக்கு ஏத்த மாதிரி அதில் தட்டித் தட்டிக் கத்துக்கிட்டார். நாலு வருஷம். 2011-ல் ஒரு நாள், டை செட் பண்ணும்போது, பிரஸ் இறங்கிடுச்சு. இடது கை மோதிர விரலில் முதல் கணு போச்சு. கிடாரில் கம்பியை அழுத்துற கை அதுதான்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறலை. நம்ம அம்பத்தூர் பக்கம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற பத்துப் பேரோட கையைக் கவனிச்சுப் பாருங்க, ஏன்னு புரியும். எனக்குத்தான் அடுத்த கேள்வி வரலை. அவரே சொன்னார்: "உடனே நீ அயோமி கதைய ஆரம்பிக்காத. ஆஸ்பத்திரியிலயே மூணு பேரு சொல்லிட்டானுங்க."

தெரியாதவங்களுக்காக அந்தக் கதை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன். தொழிற்சாலைகளுக்கு நடுவில் வீடுகள், நம்ம அம்பத்தூர், பாடி மாதிரி. அங்கே ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் வேலை பார்த்த 17 வயசுப் பையன் டோனி அயோமி. வேலையை விட்டுட்டு முழுநேர கிடாரிஸ்ட் ஆகப்போறார். கடைசி நாள். அன்னிக்குத்தான் மெஷின் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எடுத்துக்கிச்சு. இடது கைக்காரர் என்பதால் அவருக்குக் கம்பி அழுத்துற கை வலது. ஃபேக்டரி மேனேஜர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்க வச்சார். ஜாங்கோ ரெயின்ஹார்ட், தீ விபத்துக்கப்புறம் இடது கையில் ரெண்டு விரலை மட்டும் வச்சே சோலோ வாசிச்ச மேதை. அயோமி பாத்திரம் கழுவுற திரவத்தோட பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கிட்டார். கம்பி உறுத்தாம இருக்க மெல்லிய கம்பி. பிற்பாடு சுருதியையும் இறக்கினார். அந்தத் தொளதொள கம்பியில் வந்த கனமான சத்தம்தான் இன்னிக்கு உலகம் பூரா வாசிக்கிற ஹெவி மெட்டல். பிளாக் சாபத்தோட முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13-ல் வந்துச்சு.

இன்னொரு விஷயம் கேளுங்க. அதே பேண்டில் பாடின ஓஸி ஆஸ்போர்ன், பாட வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் கார் ஹாரன் டியூன் பண்ற வேலையில் இருந்தார். அம்மா வேலை பார்த்த கம்பெனி அது. கம்பெனி பேர் லூகாஸ். ஆமாங்க, அதே லூகாஸ்! டிவிஎஸ்ஸோட கைகோத்து பாடியில் ஃபேக்டரி போட்டதே அந்த பர்மிங்ஹாம் லூகாஸ்தான். தினமும் 'லூகாஸ்லாம் இறங்கு'ன்னு கண்டக்டர் கத்தும்போது எனக்கு இப்போ ஓஸி ஞாபகம்தான் வருது. இந்த மியூசிக் நமக்கு அந்நியம்னு சொல்றவங்களை நான் இனிமே அந்த ஸ்டாப்பிங்கில் இறக்கி விட்டுடுவேன்!

அண்ணன் கதைக்கு வருவோம். பாட்டிலை உருக்கற வேலையெல்லாம் அவர் செய்யலை. டூல் ரூம்காரர் ஆச்சே! நைலான் ராடை லேத்தில் கடைஞ்சு, உள்ளே விரல் நுழையுற மாதிரி துளை போட்டு, மேலே பழைய பெல்ட் தோலை ஒட்டினார். முதல் தொப்பி வழுக்கிச்சு. ரெண்டாவது கழண்டு பக்கத்து வீட்டு மாடியில் விழுந்துச்சு. ஏழாவது நின்னுச்சு. என்கிட்ட ஒரு வேலை கொடுத்தார்: "நீ இன்ஜினீயரிங்தானே? அயோமி 1971-ல மூணு அரைசுரம் கீழ இறக்கினாரே, கம்பியில எவ்ளோ டென்ஷன் குறையும்? கணக்குப் போட்டுச் சொல்லு." போட்டேன். 29 சதவீதம். தலையாட்டினார். "அதான் வலிக்கல."

கடைசி ஷோ

2025 ஜூலை 5. பர்மிங்ஹாமில், ஓஸி வளர்ந்த அதே ஆஸ்டனில், வில்லா பார்க் ஸ்டேடியம். பிளாக் சாபத்தின் பழைய நாலு பேரும் 2005-க்கு அப்புறம் முதல்முறையா ஒரே மேடையில். அதுவே கடைசின்னு சொல்லிட்டுத்தான் நடத்தினாங்க. டிக்கெட், விசா எல்லாம் நமக்குக் கனவு. ஆன்லைனில் காசு கட்டிப் பார்க்கலாம்னு இருந்துச்சு. ஆளுக்குப் பாதி போட்டோம். அண்ணன் வீட்டு மொட்டை மாடி, ஒரு செல்போன், தண்ணி டேங்க் மேல சாய்ச்சு வச்சாச்சு.

விடியப் போற நேரத்தில் ஓஸி வந்தார். பார்க்கின்சன் நோய். 76 வயசு. கருப்பு சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். எழுந்திரிக்கப் பார்க்கிறார், உடம்பு கேட்கலை. கண்ணை அகல விரிச்சு, கையை ஆட்டி, கூட்டத்தைக் கத்தச் சொல்றார். குரல் அங்கங்கே தடுக்குது. தனியா அஞ்சு பாட்டு, சாபத்தோட நாலு பாட்டு. நெட்டில் 'குரல் போயிடுச்சு'ன்னு எழுதினவங்களும் உண்டு. போகட்டுமே! 2007-ல் 48 வயசு டிக்கின்சன் ஓடினதைப் பார்க்கப் போனதும், 2025-ல் 76 வயசு ஓஸி உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணாத்தான் படுது. ரெக்கார்டில் இருக்கிறது பாட்டு. மேடையில் இருக்கிறது ஆள். இதுதான் கிளாஸில் அந்த நாலு பேருக்கு என் பதில். ஒத்துக்க மாட்டாங்க, தெரியும்.

அண்ணன் ஓஸியைப் பார்க்கவே இல்லை. கேமரா அயோமி பக்கம் திரும்பும்போதெல்லாம் போனுக்குக் கிட்ட போய் குனிஞ்சார். "கேப் போட்டுருக்காரு பார். இப்பவும் கேப்." ஸ்க்ரீன் மேல அவர் வச்சுக் காட்டின விரலும் குட்டை விரல்தான். நான் ஸ்க்ரீனைப் பார்க்கிறதா, அதைப் பார்க்கிறதான்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன்.

சரியா 17 நாள் கழிச்சு, ஜூலை 22, ஓஸி போயிட்டார். நம்ம ஊரில் ஆடிச் செவ்வாய். கோயில் பக்கம் கூட்டம், கூழ், ஸ்பீக்கர். நியூஸ் இங்கே வரும்போது நடுராத்திரி. நான் மெசேஜ் அனுப்பினேன். பதில் வரலை. மறுநாள் காலையில் வந்துச்சு, வரிசையா பேர்கள். அயோமி, ஹாரிஸ், டிக்கின்சன், ஆக்செல் ரோஸ், ஸ்லாஷ்... ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் பிறந்த வருஷம், ஷிஃப்ட் அட்டவணை மாதிரி. அதே 2025 மே மாசம் கன்ஸ் அண்ட் ரோஸஸ் மும்பை வரைக்கும் வந்துட்டுப் போனாங்க. எனக்கு செமஸ்டர், அண்ணனுக்கு ஓவர்டைம். ரெண்டு பேரும் போகலை.

லிஸ்ட்டுக்குக் கீழே ஒரு வரி: 'இதுல யாரு பெங்களூரு வந்தாலும் சொல்லு. வேலப்பன்சாவடில நிக்கிறேன். இந்த வாட்டி பாட்டிக்கு பதிலா வேற காரணம் யோசி.'

யோசிச்சுக்கிட்டு இருக்கேன் ஃப்ரெண்ட்ஸ். ஃபோர்மேன் நம்புற மாதிரி நல்ல காரணம் உங்ககிட்ட இருந்தா, எழுதி அனுப்புங்க!