நூறு பெட்டி வாங்கினால் வாள் கிடைக்குமா?

வீடியோ விளையாட்டுகள் சிலவற்றில் ‘பரிசுப் பெட்டி’ விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பணம் கட்டித் திறந்த பிறகுதான் தெரியும். அபூர்வமான வாள் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நூறு பெட்டிகள் வாங்கினால் வாள் நிச்சயம் கிடைக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டியில் வாள் இல்லாதிருக்கும் நிகழ்தகவு 0.99. முந்தைய பெட்டியின் முடிவு அடுத்ததைப் பாதிப்பதில்லை. எனவே நூறிலும் வாள் இல்லாதிருக்கும் நிகழ்தகவு, 0.99இன் நூறாவது அடுக்கு. அதாவது சுமார் 0.37. நூறு பெட்டிகள் வீதம் வாங்கும் நூறு பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு வாள் கிடைக்காது! 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால் ஏறக்குறைய 300 பெட்டிகள் வாங்க வேண்டும்.

அப்படியும் ஏன் வாங்குகிறார்கள்? எத்தனையாவது முயற்சியில் பலன் கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் முயற்சி விடாமல் தொடர்கிறது. உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில் இதைக் கண்டார். சூதாட்ட இயந்திரமும் இவ்வாறே ஆளை இழுக்கிறது.

இந்த வாய்ப்பு விகிதங்களை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. பணத்துக்கு விற்கப்படும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது.

விளையாடுவதில் தவறில்லை. ஆனால் நிகழ்தகவு அறியாத சிறுவர்களிடம் இப்பெட்டியை விற்பது நேர்மையான வாணிபம் ஆகாது. பெட்டி வாங்கக் கை நீளும்போது, முதலில் பென்சிலை எடுங்கள்.