பழைய மருந்து, புதிய நோய்

வேலி ஓரத்தில் ஆடாதோடை வளர்ந்திருக்கும். இலை நீளமாக இருக்கும். வாயில் வைத்தால் ஒரே கசப்பு. ஆடுகூடத் தொடாது. அதனால்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். வட இந்தியாவில் இதை அடூசா என்று சொல்கிறார்கள். இருமல் வந்தால் இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம்.

இந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதன் அமைப்பைச் சற்று மாற்றி, ஜெர்மனியில் ஒரு மருந்து செய்தார்கள். அதன் பெயர் புரோம்ஹெக்சின். 1963இல் அது விற்பனைக்கு வந்தது. நெஞ்சில் கட்டிய கெட்டிச் சளியை அது இளக்கும். சளி இளகினால் இருமும்போது எளிதாக வெளியே வரும். இந்தியாவில் விற்கும் பல இருமல் மருந்துகளில் இது சேர்ந்திருக்கிறது. விலையும் அதிகம் இல்லை.

2020இல் கொரோனா நோய் உலகம் முழுவதும் பரவியது. அதற்கு மருந்து இல்லை. புதிதாக ஒரு மருந்து கண்டுபிடித்துக் கடைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகும். நோயாளிகள் அதுவரை காத்திருக்க முடியுமா? அதனால் ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் ஏதாவது உதவுமா என்று தேடினார்கள். பழைய மருந்தில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு கொடுக்கலாம், என்ன கெடுதல் வரும் என்பது முன்பே தெரியும்.

அப்படித் தேடியபோது இந்த இருமல் மருந்தின் மேலும் கண் பட்டது. இருமலுக்காக அல்ல. காரணம் வேறு.

வைரஸ் கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது தானாகப் பெருகாது. நம் உடலின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாக இருக்கும். அந்த முள் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மட்டும் போதாது. முள்ளை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே போக வழி கிடைக்கும். வெட்டும் கத்தரி வைரஸிடம் இல்லை. அது நம் செல்லிடமே இருக்கிறது! செல்லின் மேலுள்ள ஒரு புரதம் கத்தரியைப் போல அந்த முள்ளை வெட்டிவிடுகிறது. வீட்டுக்காரரின் கத்தரியை எடுத்தே திருடன் பூட்டை அறுப்பது போலத்தான்.

அமெரிக்காவில் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் 2014இல் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். புரோம்ஹெக்சின் இந்தக் கத்தரியைத் தடுக்கிறது என்றார்கள். அப்படியானால் வைரஸையும் வாசலிலேயே நிறுத்திவிடலாமே! இதுதான் எல்லோருடைய நம்பிக்கை.

ஈரான் நாட்டின் தப்ரீஸ் நகரில் 78 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. அவர்களை 39 பேர் கொண்ட இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். இரு குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெறாதவர்களில் 11 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் இரண்டு பேர்தான் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். யாரும் இறக்கவில்லை.

கேட்டதும் கடைக்கு ஓடத் தோன்றும். ஆனால் 78 பேர் என்பது சின்னக் கூட்டம். ஒரு சோற்றைப் பார்த்துப் பானைச் சோற்றைச் சொல்வது மருந்துக்குச் சரிவராது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. கத்தரியை மறுபடி ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்களும், இந்த மருந்து அதைத் தடுக்கவில்லை என்று கண்டார்கள்.

அதே 2020இல் வேறொரு பழைய மருந்து வென்றது. அது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்த மலிவான மருந்துதான். பிரிட்டனில் 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். மூச்சுக் கருவி பொருத்தியவர்களில், இந்த மருந்து பெறாத 100 பேருக்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 100 பேருக்கு 29 பேர். ஆக்ஸிஜன் வைத்திருந்தவர்களுக்கும் ஓரளவு பலன் கிடைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை.

இந்தக் கடைசி வரி பலர் காதில் விழவில்லை. 2021இல் இந்தியாவில் இரண்டாவது அலை வீசியது. லேசான காய்ச்சலுக்கே சிலர் ஸ்டீராய்டு வாங்கித் தின்றார்கள். அது உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். கருப்புப் பூஞ்சை நோய் பரவ இதுவும் ஒரு காரணம். சர்க்கரை நோய் உள்ளவர்கள்தான் அதிகம் அகப்பட்டார்கள். உயிர் பிழைக்கக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு.

புரோம்ஹெக்சின் இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சளியை இளக்கும் தன் பழைய வேலையை அது செய்கிறது. கொரோனாவுக்கு அதைக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.