எண்ணுக்குத் தர்க்கம் மட்டும் போதுமா?

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. இது எப்படித் தெரிகிறது? ஏழு, ஐந்து, கூட்டல் என்ற கருத்துகளை எவ்வளவு அலசினாலும் பன்னிரண்டு கிடைக்காது என்றார் 18-ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். விரல்களையோ புள்ளிகளையோ மனத்தில் நிறுத்திப் பார்க்கும் காட்சியும் வேண்டும் என்பது அவர் வாதம். வடிவியலுக்கு அது பொருந்தும், எண்கணிதத்துக்குத் தர்க்கமே போதும் என்று மறுத்தவர் ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் காட்லோப் ஃப்ரேகே.

பழைய அரிஸ்டாட்டில் தர்க்கம் இந்த வேலையைத் தாங்காது. அதனால் 1879-இல் ஃப்ரேகே புதிய தர்க்கக் குறிமொழி ஒன்றையே உருவாக்கினார். எண் என்பது என்ன என்ற கேள்வியை 1884-இல் வந்த நூலில் எடுத்துக்கொண்டார்.

அவருடைய பிடி எளிமையானது. பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் ஒருவர் உட்கார்ந்து, காலி இலையும் இல்லை, நிற்பவரும் இல்லை என்றால், இலைகளும் ஆட்களும் சம எண்ணிக்கை. எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது எண்ணுவதற்கு முந்தியது, அதைத் தர்க்கச் சொற்களாலேயே சொல்லிவிட முடியும். இனி எண்கள். தனக்குத் தானே சமமில்லாத பொருள் எதுவும் கிடையாது. அத்தகைய பொருள்களின் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யத்துக்குச் சமமானது பூஜ்யம் ஒன்றே. அத்தகையவற்றின் எண்ணிக்கை ஒன்று. பூஜ்யம், ஒன்று ஆகியவற்றின் எண்ணிக்கை இரண்டு. உலகில் ஒரு கூழாங்கல்கூட இல்லாவிட்டாலும் இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். கணித வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான கட்டுமானம் அபூர்வம்.

இதை முறையாக நிறுவ, எந்தப் பண்பை எடுத்துக்கொண்டாலும் அதை உடையவற்றின் தொகுப்பு ஒன்று உண்டு என்ற கருத்து அவருக்குத் தேவைப்பட்டது. 1893-இல் வந்த பெருநூலின் முதல் தொகுதியில் அது ஐந்தாம் விதியாக அமைந்தது. தகராறு வந்தால் இந்த விதியில்தான் வரும் என்று முன்னுரையில் அவரே எழுதியிருந்தார்.

வந்தது. 1902 ஜூன் 16 அன்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் ஃப்ரேகேவுக்குக் கடிதம் எழுதினார். தன்னையே உறுப்பாகக் கொள்ளாத தொகுப்புகள் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக்கினால், அது தன் உறுப்பா? ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. ஃப்ரேகே அவசரமாக ஒரு பின்னிணைப்பு சேர்த்தார். அதில் அவர் சொன்ன திருத்தமும் நிற்கவில்லை.

ரஸலும் கணித அறிஞர் ஒயிட்ஹெட்டும் 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளில் எண்கணிதத்தைத் தர்க்கத்தின்மேல் மீண்டும் கட்டினார்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கான வழி முதல் தொகுதியில் முந்நூறு பக்கங்களைத் தாண்டித்தான் திறக்கிறது. நிரூபணம் முடிவது இரண்டாம் தொகுதியில். தொகுப்புகளைப் படிநிலைகளாகப் பிரித்ததால் முரண்பாடு ஒழிந்தது. ஆனால் முடிவில்லாத அளவு பொருள்கள் உண்டு என்பதை இப்போது தனியாக அனுமானிக்க வேண்டியிருந்தது. இந்த அனுமானத்தைத் தர்க்கம் என்று அழைப்பது கடினம். 1931-இல் தர்க்க அறிஞர் கர்ட் கோடல் இன்னோர் அடி கொடுத்தார்: ஓரளவு எண்கணிதம் அடங்கிய, முரணற்ற, இயந்திரம்போல் சரிபார்க்கக்கூடிய எந்த விதித் தொகுப்பிலும், அதைக் கொண்டு நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாத எண்கணிதக் கூற்றுகள் மிஞ்சும். ஒரே விதித் தொகுப்பிலிருந்து எண்கணிதம் முழுவதையும் வடிக்கலாம் என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. ஆனால் அடிப்படை விதிகளாவது தர்க்கத்திலிருந்து வருமா என்ற கேள்வியை கோடலின் தேற்றம் தொடவில்லை.

அந்தக் கேள்விக்கு 1983-இல் தத்துவ அறிஞர் கிரிஸ்பின் ரைட் புத்துயிர் கொடுத்தார். ஃப்ரேகே ஐந்தாம் விதியைப் பெரும்பாலும் ஒரே காரியத்துக்குத்தான் பயன்படுத்தினார்: ஒன்றுக்கு ஒன்று பொருந்துபவை சம எண்ணிக்கை என்ற பந்தி விதியை நிறுவ. விபரீதமான விதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பந்தி விதியை நேரடியாக வைத்துக்கொண்டாலும், பொருள்களோடு பண்புகளைப் பற்றியும் பொதுவாகப் பேசும் இரண்டாம்படித் தர்க்கத்தின் துணையோடு எண்கணிதத்தின் அடிப்படை விதிகள் எல்லாம் கிடைக்கின்றன. இதற்கு ஃப்ரேகே தேற்றம் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பிய தர்க்க அறிஞர் ஜார்ஜ் பூலோஸ், இது தர்க்கம்தான் என்று ஒப்பவில்லை. பந்தி விதியை ஏற்றாலே முடிவில்லாத எண்கள் இருந்தாக வேண்டும். எது இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று சொல்வது தர்க்கத்தின் வேலையே அல்ல என்பது அவர் ஆட்சேபம். எண் என்ற சொல்லுக்குப் பொருள் தருவதே அந்த விதிதான், எனவே அதை ஏற்பதில் தவறில்லை என்பது ரைட் தரப்பின் பதில். வழக்கு இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.